ஊர் திரும்பும் கப்பல் – 6: மெத்தைகள் அடைத்த விரிசல்

ஸ்பாரோ கோவ். ஃபாக்லந்து தீவுகளின் தலைநகரான ஸ்டான்லிக்கு அருகே, ஆழமில்லாத ஒரு சிறு குடா. ‘இனி எதற்கும் ஆகாது’ என்று 1937-இல் அடிப்பகுதியில் துளையிட்டு அங்கே உட்கார வைக்கப்பட்ட ‘கிரேட் பிரிட்டன்’ கப்பல், 33 ஆண்டுகளாக ஏற்றத்தில் தண்ணீரை உள்ளே வாங்குவதும் வற்றத்தில் வெளியே விடுவதுமாகக் கிடந்தது. 1970 மார்ச் மாதக் கடைசியில் ‘வேரியஸ் 2’ என்ற இழுவைக் கப்பல், ‘மியூலஸ் 3’ என்ற மாபெரும் மிதவையை இழுத்துக்கொண்டு, அதை மீட்க அங்கே வந்து சேர்ந்தது. சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

வந்தவர்களுக்கு முதல் கவலை துருப்பிடித்த தகடுகள் அல்ல. கப்பலை வடிவமைத்த பொறியாளர் புரூனெல் தேர்ந்தெடுத்த இரும்பு, 127 ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலும் உறுதியாகவே இருந்தது. கவலையெல்லாம் வலது பக்கத்தில் மேல்தளத்திலிருந்து கீழ்நோக்கி ஓடிய விரிசலைப் பற்றித்தான். ஸ்டான்லியில் கப்பல் கிடங்காகக் கிடந்த காலத்தில், சரக்கு ஏற்றி இறக்க வசதியாக அந்தப் பக்கத்தில் ஒரு வாசல் வெட்டியிருந்தார்கள். கப்பலின் பக்கச் சுவர் என்பது வெறும் சுவர் இல்லை. மொத்த நீளத்தையும் வளையாமல் தாங்கிப் பிடிக்கும் விட்டமும் அதுதான். விட்டத்தை வெட்டிய இடத்தில் பலவீனம் புகுந்தது. கீழே மணலை நீரோட்டம் அரித்துக்கொண்டு போகவும் எடை ஒரே சீராக அமரவில்லை. வாசலின் மூலையில் தொடங்கிய கீறல் ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் சில குளிர்காலங்கள் போயிருந்தால் கப்பல் இரண்டாக முறிந்திருக்கும். 1967 நவம்பரில் ‘தி டைம்ஸ்’ இதழுக்குக் கடிதம் எழுதி இந்தக் கதையைத் தொடங்கி வைத்த கப்பல் பொறியாளர் யூவன் கார்லெட் அஞ்சியது இதைத்தான். மீட்புச் செலவுக்குச் செல்வந்தர் ஜாக் ஹேவார்டு பொறுப்பேற்றுவிட்டார். ஆனால் பணம் விரிசலை அடைக்காதே!

அடைத்தவை மெத்தைகள். ஆம், தீவுவாசிகள் படுத்துறங்கிய பழைய மெத்தைகள்! வீடுகளிலிருந்து அவற்றைத் திரட்டினார்கள். முக்குளிப்பவர்கள் உறைபனிக் குளிரில் நீருக்குள் இறங்கி விரிசலுக்குள் திணித்தார்கள். துளைகளை மூடினார்கள். கனம் குறையட்டும் என்று பாய்மரங்களையும் இறக்கிவிட்டார்கள். பிறகு பம்புகள் ஓடத் தொடங்கின. கப்பல் மீட்பில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஏனென்றால் இங்கே அவசரம் உதவாது. ஒரு பக்கம் வேகமாக எழுந்து மறுபக்கம் மணலில் ஒட்டிக்கொண்டால், அந்த விரிசலே கப்பலைப் பிளந்துவிடும். கொஞ்சம் இறைப்பார்கள், நிறுத்திப் பார்ப்பார்கள், மறுபடி இறைப்பார்கள். ஏப்ரல் முதல் பாதியில் மணல் பிடியை விட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் தரையில் கிடந்த இரும்பு மிதந்தது.

அடுத்த வேலை இன்னும் நுட்பமானது. மிதவையின் அறைகளில் நீரை நிரப்பி அதை மூழ்கடித்தார்கள். அதற்கு நேர் மேலே கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தி, மிதவையின் நீரை வெளியேற்றினார்கள். அது மெல்ல எழுந்து, 98 மீட்டர் நீளக் கப்பலை முதுகில் ஏந்திக்கொண்டு நீருக்கு மேலே வந்தது. ஏப்ரல் 24 அன்று ஸ்டான்லியிலிருந்து புறப்பட்டார்கள். மொன்டிவிடியோவில் சில நாள் தங்கல், பிறகு அட்லாண்டிக். ஜூன் மாதக் கடைசி வாரத்தில் அவான் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள அவான்மவுத் துறைமுகத்தில் இருந்தார்கள்.

பிரிஸ்டல் இன்னும் சில மைல் தூரம்தான். இராஜாராம் மோகன்ராய் 1833-இல் கண்மூடிய அதே பிரிஸ்டல். அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1843 ஜூலை 19 அன்று, இளவரசர் ஆல்பர்ட் முன்னிலையில் இந்தக் கப்பல் அங்கே நீரில் விடப்பட்டது. அன்று உலகிலேயே பெரிய கப்பல் அது. பெருங்கடல் கடக்க இரும்பு உடலும் உந்துவிசிறியும் ஒன்றாகச் சேர்ந்த முதல் கப்பலும் அதுவே.

ஆனால் பெற்ற ஊருக்கு அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பத் தெரியவில்லை! துறைமுக மதகுவாயில் குறுகலாக இருந்ததால் ஓராண்டுக்கு மேல் கப்பல் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. 1844 டிசம்பர் 11 அன்று இழுத்துப் பார்த்தார்கள்; வாயிலில் சிக்கிக்கொண்டது. அவசரமாகப் பின்னுக்கு இழுத்தார்கள். புரூனெலின் ஆட்கள் வாயிலின் கற்களைப் பெயர்த்தெடுத்தார்கள். அன்றிரவே அடுத்த ஏற்றத்தில் வெளியே கொண்டுபோனார்கள். போனது போனதுதான். லிவர்பூலிலிருந்து நியூயார்க், பிறகு மெல்போர்ன், 1857 கிளர்ச்சியின்போது படைவீரர்களை ஏற்றிக்கொண்டு பம்பாய் என்று உலகையே சுற்றிய கப்பல், ஆற்றில் ஏறித் தன் ஊருக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பயணிகளால் வந்த செழிப்பெல்லாம் லிவர்பூலுக்குப் போனது. தன் ஆற்றுக்குள் அடங்காத ஒன்றை அந்த ஊர் கட்டிவிட்டது. 1970-இன் வரவேற்பு அத்தனை உருக்கமாக இருந்ததற்கு இதுவே காரணம் என்பேன்.

அவான்மவுத்தில் கப்பலை மிதவையிலிருந்து இறக்கினார்கள். இனி முதுகு கொடுக்க யாரும் இல்லை. ஒட்டுப்போட்ட சொந்த உடலோடு ஆற்றில் ஏறியாக வேண்டும். 1970 ஜூலை 5. இரு கரைகளிலும், பாறைகளின் மீதும், மேலே கிளிஃப்டன் தொங்கு பாலத்திலும் மக்கள் கூட்டம். கப்பல் புறப்பட்டுப் போன 1844-இல் அங்கே பாலம் இல்லை. பணமில்லாமல் பாதியில் நின்றுபோன இரண்டு வெற்றுக் கோபுரங்கள்தான் நின்றன. பாலத்துக்கு வரைபடம் தந்தவரும் இதே புரூனெல்தான். அவர் 1859-இல் இறந்தார். பாலம் 1864-இல் திறந்தது. ஒரே மனிதரின் இரண்டு கனவுகளும் அதுவரை ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

ஆனால் பாலத்தை எட்டுவதற்கு முன் ஆறு குதிரை லாடம்போல் வளைகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பன்னிரண்டு மீட்டருக்கு மேல் நீர்மட்டம் மாறும் ஆறு இது. ஏற்றம் நிற்கும் வரை சில மணி நேரம்தான். அதற்குள் வளைவில் மூக்கு சேற்றில் செருகிவிட்டால், நீர் வடிய வடிய முன்பகுதி ஒரு கரையிலும் பின்பகுதி மறுகரையிலும் தங்கி, நடுவில் அந்த விரிசல் மட்டும் தாங்க வேண்டியிருக்கும். அத்தனை தூரம் கடல் கடந்து வந்த கப்பல், வீட்டு வாசலில் முறிந்துவிடலாம்.

இழுவைக் கப்பல்களின் வடங்கள் இறுகின. முன்முனை ஆற்று வாய்க்குள் திரும்பியது. நீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம்?

(தொடரும்)