கொட்டும் பூச்சிகளின் நஞ்சும் ஒவ்வாமைச் சிகிச்சையின் வரலாறும்

தேனீயோ குளவியோ கொட்டினால் பெரும்பாலானோர்க்கு அது சிறிதுநேர வேதனையோடு முடிந்துவிடும். ஒரு சிலர்க்கோ அதே கொட்டு மூச்சை அடைத்து, குருதியமுக்கத்தை வீழ்த்தி, உயிரையும் கவர்ந்துவிடுகின்றது. உடலைக் காக்க அமைந்த ஆற்றலே உடலை வீழ்த்தும் இம்முரண்பாட்டை 1902ஆம் ஆண்டில் முதன்முதல் தெளிவுற எடுத்துரைத்தோர் பிரான்சிய அறிஞர்களான போல் போர்ட்டியேயும் சாள்ஸ் றிச்சேயும் ஆவர். கடல் அனிமனியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றிக் காப்பு ஊட்ட முயன்றனர். முதல் ஊசியைத் தாங்கிய நாய், வாரங்கள் சில கழிந்தபின் சிற்றளவு நஞ்சுக்கே பலியாயிற்று. இதனை அவர்கள் அனபிலக்சிஸ் என்றனர். றிச்சேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

1911இல் இலண்டன் சென் மேரிஸ் மருத்துவமனையில் லெனாட் நூன் என்பார் புல்லின் மகரந்தச் சாற்றைச் சிறுகச் சிறுகக் கூட்டி ஏற்றி, மகரந்த ஒவ்வாமையைத் தணிக்கலாம் எனக் காட்டினார். மகரந்தத்தில் நச்சுப்பொருள் ஒன்று உண்டென அவர் எண்ணியது தவறு. எனினும் அவர் வகுத்த வழி நிலைத்தது.

பூச்சிக் கொட்டுக்கு அவ்வழியைப் பின்பற்றியோர் திசை மாறினர். நஞ்சைத் தனியே பிரித்தெடுப்பது கடினமாதலால், பூச்சியின் முழு உடலையும் அரைத்தெடுத்த சாறு கையாளப்பட்டது. ஒவ்வாமைப் பொருள் பூச்சியின் உடலெங்கும் உளதென 1930இல் பென்சனும் செமெனோவும் கூறியது இதற்கு ஆதாரமாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர் இதனையே நம்பினர். 1950களில் அமெரிக்க மருத்துவர் மேரி லவ்லெஸ் குளவிகளின் நச்சுப்பைகளைத் தாமே பிரித்தெடுத்து, அந்நஞ்சாலேயே சிகிச்சை அளித்தார். பின்னர் உயிருள்ள குளவியைக் கொண்டு கொட்டவைத்துப் பயனையும் சோதித்தார். அக்காலத்தில் அவர் கூற்றுக்குச் செவிசாய்த்தோர் சிலரே.

ஐயத்தைத் தீர்த்தது ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வாகும். 59 நோயாளரை மூன்று குழுக்களாக்கி நடத்திய அச்சோதனையின் முடிவுகள் 1978இல் வெளிவந்தன. போலி மருந்து பெற்றுப் பின் கொட்டுண்ட 12 பேரில் எழுவர்க்கும், உடற்சாறு பெற்ற 11 பேரில் எழுவர்க்கும் உடல் முழுவதும் பாதிப்பு நேர்ந்தது. நஞ்சையே பெற்ற 18 பேரில் ஒருவர் மாத்திரமே பாதிப்புற்றார். பழைய நம்பிக்கை இத்துணைக் காலம் நீடித்தமைக்கான விடையும் இவ்வெண்களிலேயே உண்டு. போலி மருந்து பெற்றோருள்ளும் ஐவர் தப்பினரல்லவா? அத்தகையோர் தற்செயலாய்த் தப்பியதையே முன்னைய மருத்துவர் தம் மருந்தின் வெற்றியாகக் கொண்டனர். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவை வைக்காத குறை எத்தனை உயிர்களைக் காப்பற்ற நிலையில் விட்டதோ! 1979இல் ஐக்கிய அமெரிக்க அரசு தூய நஞ்சுக்கு அங்கீகாரம் வழங்கியது.

காப்பு உண்டாகும் முறை பின்னரே துலங்கலாயிற்று. சிகிச்சையின்போது ஐ.ஜீ.ஜீ. வகைப் பிறபொருளெதிரிகள் பெருகி நஞ்சை மறிக்கின்றன என்பதே முதலில் கிடைத்த விளக்கம். 1998இல் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகர ஆய்வாளர், தேனீ நஞ்சு ஏற்றப்பட்டோரின் ரீ கலங்கள் இன்ரலூக்கின்-10 என்னும் பொருளைச் சுரந்து ஏனைய கலங்களின் சீற்றத்தை அடக்குவதைக் கண்டனர். கொட்டுண்டு பழகிய தேனீ வளர்ப்போரிடத்தும் இதே மாற்றம் காணப்பட்டது. இவ்வாறு அடக்கியாளும் கலங்களுள் ஒரு வகையை 1995இல் இனங்கண்ட யப்பானியர் சகாகுச்சி, 2025ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர்.

வழமையாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள், 100 மைக்கிரோகிராம், அதாவது ஏறத்தாழ இரு தேனீக் கொட்டுகளின் நஞ்சு, குறித்த இடைவெளிகளில் ஏற்றப்படுகின்றது. சிகிச்சையை நிறுத்தியபின் பிறபொருளெதிரிகள் குறைந்துபோயினும் பெரும்பாலானோரிடம் பொறுதி நிலைக்கின்றது. மாஸ்ற் கலங்கள் மிகையாகப் பெருகும் நோயுடையோர்க்கு வாழ்நாள் முழுதும் ஊசி தேவைப்படலாம். பொறுதி எவரிடம் நிலைக்கும் என்பதை உறுதியாகக் கூறவல்ல குருதிச் சோதனை எதுவும் இன்னும் அமையவில்லை. ஆதலால் மருத்துவமனைகள் சிலவற்றில், லவ்லெஸ் செய்தது போலவே, உயிருள்ள பூச்சியைக் கொட்டவைத்துப் பார்க்கின்றனர்.