வேக ஓட்டப் பயிற்சியில் கைக்கடிகாரம் காட்டும் எண்களை எவ்வளவு நம்பலாம்?

மாலையில் எங்கள் பக்கத்துப் பாடசாலை மைதானங்களில் இப்போது ஓட்டக் கடிகாரங்களை அதிகம் காண முடிகிறது. காலில் சப்பாத்து இல்லாத பிள்ளையின் மணிக்கட்டிலும் ஒன்று இருக்கும். கனடாவிலோ சுவிஸிலோ உள்ள மாமாவோ சித்தியோ அனுப்பியதாக இருக்கும். அனுப்பியவரும் அங்கிருந்தபடியே செயலியில் பிள்ளையின் ஓட்டத்தைப் பார்க்கிறார். "துடிப்பு 120 தானே காட்டுது, ஒழுங்கா ஓடேல்லையோ?" என்று தொலைபேசியில் கேட்கிறார். பிள்ளை சோர்ந்துபோய் என்னிடம் வருகிறது.

குறுந்தூர ஓட்டக்காரர்களுக்கு நேரம் எடுத்துக் கொடுக்கும் வேலையைச் செய்துவருகிறவன் என்ற முறையில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கடிகாரம் சொல்லும் நேரத்தை நம்பலாம். தூரத்தை அரைவாசி நம்பலாம். வேக ஓட்டத்தின் நடுவே அது காட்டும் வேகத்தையும் இதயத்துடிப்பையும் வைத்து ஒரு பிள்ளையை மதிப்பிடக் கூடாது.

வேக இடைவெளிப் பயிற்சி என்பது முழு மூச்சுடன் சிறிது நேரம் ஓடி, ஓய்வெடுத்து, மீண்டும் ஓடுவது. ஜப்பானில் இசுமி தபாட்டா குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில் 20 செக்கன் கடும் உழைப்பு, 10 செக்கன் ஓய்வு என்ற முறை இருந்தது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழுவினர் 30 செக்கன் முழு வேகம், 4 நிமிட ஓய்வு என 4 முதல் 7 தடவை செய்வித்தார்கள். இரண்டுமே ஆய்வுகூடச் சைக்கிளில் நடந்தவை. அங்கே தூரத்தை அளக்கச் செய்மதி தேவையில்லை. நாங்கள் அதை 60, 100, 150 மீற்றர்களாக மைதானத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் அளவைப் பிரச்சினையும் கூடவே வந்தது. ஒரு மணித்தியாலம் சீராக ஓடுபவரை மனதில் வைத்துச் செய்த கருவியிடம், 13 செக்கனில் முடிந்துவிடும் ஒன்றைப் பற்றிக் கேட்கிறோம்.

முதலில் தூரம். கடிகாரம் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளின் சமிக்ஞைகளைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. திறந்த வானத்தின் கீழ் ஒரு கைத்தொலைபேசி பொதுவாக 4.9 மீற்றர் ஆரைக்குள் இடத்தைச் சொல்லும் என்று அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். தகவல் பக்கம் கூறுகிறது. இரண்டு அலைவரிசைகளைப் பயன்படுத்தும் புதிய கடிகாரங்கள் இதைவிடச் சிறப்பாகச் செய்யலாம். ஆனாலும் மைதான ஓரத்து ஈரமான மரக்கிளைகளும் மாடிக் கட்டடமும் சமிக்ஞையைக் குழப்பும். பத்துக் கிலோமீற்றர் ஓடுபவருக்கு இந்தப் பிழை கடலில் கரைத்த உப்பு. 100 மீற்றர் ஓடுபவருக்கு அப்படியல்ல. 13 செக்கனில் 100 மீற்றர் ஓடும் பிள்ளை ஒரு செக்கனில் 7.7 மீற்றர் கடக்கிறது. தூரத்தில் 5 மீற்றர் பிழைத்தால் நேரத்தில் ஏறத்தாழ 0.65 செக்கன் பிழைத்ததற்குச் சமன்.

0.65 செக்கன் எவ்வளவு பெரியது? 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடினார். அவருக்கு முன்னால் வந்த பஹாமாஸின் போலின் டேவிஸ்-தொம்சனின் நேரம் 22.27. அந்த வேகத்தில் 0.01 செக்கன் என்பது பத்துச் சென்ரிமீற்றருக்கும் குறைவு. எந்தக் கைக்கடிகாரமும் செய்மதியை வைத்து அந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது.

கண நேர வேகம் இன்னும் மோசம். பெரும்பாலான கடிகாரங்கள் செக்கனுக்கு ஒரு தடவை இடத்தைக் குறிக்கின்றன. யுசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 ஓடியபோது உச்ச வேகம் செக்கனுக்கு 12 மீற்றருக்கு மேல். அவர் கையில் கடிகாரம் கட்டியிருந்தால் ஓட்டம் முழுவதற்கும் பத்துப் புள்ளிகள்தான் கிடைத்திருக்கும். சமிக்ஞையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்தும் கடிகாரத்தால் வேகத்தைக் கணிக்க முடியும், அது நல்ல முறைதான். ஆனால் வேகமாக ஓடும்போது மணிக்கட்டு உடலுடன் சேர்ந்து சீராக முன்னே போவதில்லை. ஒரு கணம் உடலை முந்தும், மறுகணம் பின்தங்கும். இந்தத் துள்ளலை மறைக்கவே கடிகாரம் சில செக்கன்களின் சராசரியைக் காட்டுகிறது. அதனால் திரையில் உண்மையான வேகம் வருவதற்குள் பிள்ளை முடிவுக் கோட்டைத் தாண்டிவிடும். 'அதிகபட்ச வேகம்' என்று பின்னர் காட்டும் எண் பல நேரங்களில் ஒரு தாவலின் பதிவு மட்டுமே. அந்த எண்ணை வைத்து அஞ்சலோட்ட அணிக்கு ஆள் எடுக்கும் பேச்சை என் காதால் கேட்டிருக்கிறேன். கடிகாரம் அனுப்ப வெளிநாட்டில் ஆளில்லாத பிள்ளைக்கு அதைவிட அநியாயம் வேறில்லை.

சில கடிகாரங்களில் ஓடுபாதைக்கென்று தனி முறை இருக்கிறது. எந்தச் சுவட்டில் ஓடுகிறோம் என்று சொன்னால், அந்தச் சுவட்டின் சரியான தூரத்துடன் ஓட்டத்தைப் பொருத்திக்கொள்ளும். ஆனால் அது 400 மீற்றர் நியமப் பாதைக்கானது. சுண்ணாம்பு போட்ட எங்கள் 200 மீற்றர் புல்வெளிக்கு அது உதவாது.

இதயத்துடிப்பு விடயத்தில்தான் வீணான மனவருத்தங்கள் அதிகம். கடிகாரத்தின் அடிப்பக்கத்துப் பச்சை ஒளி தோலுக்குள் சென்று, இரத்த ஓட்டத்துக்கேற்பக் கூடியும் குறைந்தும் திரும்பி வருகிறது. கை வேகமாக ஆடும்போது கடிகாரம் அசைகிறது, வெளிச்சம் புகுகிறது, இரத்தமும் கையசைவுக்கேற்பத் தள்ளப்படுகிறது. சில வேளைகளில் கருவி காலடி எண்ணிக்கையையே துடிப்பென்று பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 180 அடி வைப்பவருக்குத் துடிப்பும் 180 என்று அசையாமல் நின்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். கறுத்த தோலில் இவை சரியாக வேலை செய்யாது என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஒப்பீட்டில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அசைவின்போதுதான் பிழை கூடியது.

கருவி சரியாக இருந்தாலும் இதயம் காலைவிடப் பிந்தித்தான் வருகிறது. பத்துப் பதினைந்து செக்கன் ஓட்டத்தில் துடிப்பு உச்சத்தைத் தொடுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். ஓடி நின்ற பிறகும் அது ஏறும். ஆகவே 120 என்ற எண் சோம்பலுக்குச் சாட்சியல்ல. வெளிநாட்டு மாமாமார் இந்த ஒன்றை மட்டுமாவது அறிந்துகொண்டால் நல்லது. மின்துடிப்பை நேரடியாக வாங்கும் நெஞ்சுப்பட்டி இதைவிடத் திருத்தமானது. என்றாலும் குறுந்தூர ஓட்டத்துக்காகவே அதை வாங்கச் செலவழிக்க வேண்டாம் என்பேன். ஓடி முடித்து அசையாமல் நிற்கும்போது மணிக்கட்டுக் கருவியும் ஓரளவு ஒழுங்காக வாசிக்கும். ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதற்கு அது போதும்.

எங்கள் மக்களுக்கென்று சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. எறிகணைக் காயத் தழும்பின் மேலும் எரிகாயத் தோலின் மேலும் பச்சை ஒளி ஒழுங்காக வாசிக்காது. அந்த இடத்தைத் தவிர்த்து மற்றக் கையில் கட்டலாம். மேற்கையில் கட்டும் ஒளிப்பட்டிகளும் உள்ளன. கையை முழுமையாக வீச முடியாதவர்களுக்குக் காலடி எண்ணிக்கையும் பிழைக்கலாம், ஏனெனில் கடிகாரம் அதைக் கையசைவிலிருந்தே எடுக்கிறது. அது கருவியின் எல்லை. ஓடுபவரின் குறையல்ல.

நேரத்தை ஏன் நம்பலாம்? உள்ளே இருப்பது செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் குவாட்ஸ் படிகம். மாதத்துக்கு 15 செக்கன் பிழைக்கும் சாதாரணப் படிகம்கூட 30 செக்கன் ஓட்டத்தில் செக்கனின் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அளவே பிழைக்கும். பிழைப்பது விரல்தான். ஓடுபவர் தானே பொத்தானை அழுத்தினால் தொடக்கமும் முடிவும் கெடும், கைவீச்சும் கெடும். இன்னொருவர் முடிவுக் கோட்டில் நின்று அழுத்த வேண்டும். அவர் விசில் சத்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. 100 மீற்றரைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 0.3 செக்கன் வேண்டும். கொடி இறங்குவதைக் கண்டு அழுத்துவதே சரி. நான் கொடியைப் பயன்படுத்த இன்னொரு காரணமும் உண்டு. வெடிச்சத்தம் வேண்டாம் என்பவர்கள் எங்கள் மைதானத்தைச் சுற்றி இன்னும் வசிக்கிறார்கள்.

கையால் எடுத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு செக்கனுக்கு ஏற்றி எழுத வேண்டும், 12.31 வந்தால் 12.4. மின்னியல் நேரத்துடன் ஒப்பிடும்போது 100, 200 மீற்றருக்கு 0.24 செக்கனும் 400 மீற்றருக்கு 0.14 செக்கனும் கூட்டுவது வழமை. மாகாணப் போட்டியில் பிள்ளையின் நேரம் திடீரெனக் கூடிவிட்டதாகக் கவலைப்படும் பெற்றோர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தூரத்தைச் செய்மதியிடம் கேட்காமல் நிலத்தில் அளந்துவிடுங்கள். இழுபட்ட பழைய துணி நாடா வேண்டாம், உருக்கு அளவுநாடாவால் 60 மீற்றர் நேர்கோடு ஒன்றை அளந்து இரு பக்கமும் கட்டை அடித்தால் பாதிப் பயிற்சிக்கு அதுவே போதும். வளைவில் சுண்ணாம்புக் கோட்டின் மேல் அளக்காதீர்கள். கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் வெளியே அளப்பதுதான் விதி. கடிகாரத்தில் தானாக நிறுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை ஓய்வுக்கு நின்றதும் நேரமும் நின்று, 4 நிமிட ஓய்வு 2 நிமிடமாகப் பதியும்.

பிறகு ஒரு கொப்பியில் திகதி, தூரம், காற்று வீசிய திசை, ஒவ்வொரு ஓட்டத்தின் நேரம், எடுத்த ஓய்வு ஆகியவற்றை எழுதுங்கள். ஆறு ஓட்டங்களில் முதலாவதற்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசத்தையே நான் முதலில் பார்ப்பேன். அது வாரத்துக்கு வாரம் குறைந்தால் பயிற்சி வேலை செய்கிறது. ஒரே நாளில் திடீரென விரிந்தால் அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்தி, பிள்ளை காலையில் சாப்பிட்டதா என்று கேட்பேன்.