அத்தரா, கொலோனா?

உங்கள் முன் இரண்டு சிறு குப்பிகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒன்றில் உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியிலிருந்து வந்த ரோஜா அத்தர். மற்றதில் கொலோன் நீர். ஒன்றைத்தான் வாங்கலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? கடைக்காரரைக் கேட்காதீர்கள். இரண்டு தாள் துண்டுகளில் ஒவ்வொரு துளி விட்டுக் காத்திருங்கள்.

கொலோன் உடனே மூக்கை எட்டும். எலுமிச்சை மணம் அறையெங்கும் பரவும். சிறிது நேரத்தில் பெரும்பாலும் வெறும் தாள்தான் மிஞ்சும். அத்தரோ முதலில் அடங்கியிருந்து, மறுநாளும் மணக்கும். கொலோனில் பெரும்பங்கு எரிசாராயம்; அதன் மூலக்கூறு எடை 46, கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ். அத்தருக்கு அடிப்படையான சந்தன எண்ணெயின் முக்கியப் பொருள் சாண்டலால். எடை 220, கொதிநிலை ஏறக்குறைய 300 டிகிரி. கனத்த மூலக்கூறு மெல்லத்தான் கிளம்பும். கூடவே ரோஜா மணத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கொலோன் நீரை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் கொலோன் நகரில் செய்தவர் இத்தாலியரான யோகான் மரியா ஃபாரினா. அத்தர் அதைவிடப் பழையது. 'டேக்' எனும் செம்புப் பானையில் பூவும் நீரும் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துக் காய்ச்சுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே 'பப்கா' எனும் கலத்துக்குள் செல்லும். தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் அக்கலத்தில் சந்தன எண்ணெய் காத்திருக்கும். வெப்பமானி கிடையாது, கைதான் அளவுகோல். என் மாணவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள்!

அந்தச் சந்தனம் நமது சித்தேரி மலையிலும் வளர்வதுதான். பிற செடிகளின் வேரிலிருந்து உணவு உறிஞ்சும் மரம் அது. வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். திப்பு சுல்தான் 1792-இல் அதை அரச மரமாக்கினார். அதே ஆண்டில் தருமபுரி அடங்கிய பாராமகால் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குக் கட்டை அனுப்ப வழியின்றிப் போகவே, 1916-இல் மைசூர் அரசு தானே எண்ணெய் எடுக்கத் தொடங்கியது.

விலை ஏறியது, கடத்தலும் ஏறியது. 1992 ஜூன் 20 அன்று, கடத்திய சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி, அரூர்ப் பகுதியிலுள்ள வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தனர். மலைவாழ் மக்களின் வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சந்தன வாசனை வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர்ப் பெயரும் நினைவுக்கு வருகிறது.

இனி உங்கள் தாளுக்கு வருவோம். இப்போது மலிவான அத்தர்களில் சந்தனத்துக்குப் பதில் பாரஃபின் எண்ணெய் சேர்க்கிறார்கள். மறுநாள் ரோஜாவுக்கு அடியில் சந்தனம் தெரிந்தால் அத்தரை வாங்கி, கல்யாணம் காட்சிக்கு ஒரு துளி தடவிக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் கொலோனே மேல். சாராயம் ஆவியாகும்போது தோலின் வெப்பத்தையும் எடுத்துப் போகிறது. தருமபுரிச் சித்திரை வெயிலுக்கு அது போதும்.