கடைக் கதவின் பாரம்

முதலாம் பராந்தக சோழனுடைய ஆட்சியில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் மீண்டும் 921ஆம் ஆண்டிலும், உத்தரமேரூர்ச் சபையார் ஏற்படுத்திய குடவோலை விதிகளைத் தரிசிக்க வருகிற சரித்திர மாணவர்கள், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களைப் பார்த்த மாத்திரத்தில் திருப்தியடைந்து, அடுத்த பஸ்ஸிலேயே காஞ்சிபுரம் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிறர் பொருளைக் கவர்ந்தவனும் கணக்குக் காட்டாதவனும் வாரியத்துக்கு வரலாகாது என்றும், குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தருகிற ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலேயே ஏற்க வேண்டும் என்றும் விதித்த ஊர் அது. கைக்குள் எதையும் ஒளிக்க இடமில்லாதபடி செய்த அந்தச் சூக்ஷ்மம் இன்றைக்கும் படிக்கிறவர்களை வியக்க வைப்பதுதான். ஆனால் பொருளைக் காக்கிற கவலையில் சபையார்க்குச் சற்றும் இளைக்காதவர்கள் கடைவீதி வியாபாரிகள். கல்லில் எழுதப்படாத அவர்களுடைய சரித்திரத்தில், கதவு என்கிற ஓர் அத்தியாயத்தை மட்டும் இங்கே சொல்ல உத்தேசம்.

நம் பக்கத்துப் பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் ஓரச் சட்டமே மேலும் கீழும் குடுமியாக நீண்டு, மேல் குடுமி உத்தரத்துத் துளையிலும் கீழ்க் குடுமி வாயிற்படிக் கல்லில் குடைந்த குழியிலும் பொருந்திச் சுழலும். பழைய கோயில் வாசல்களில், கதவு போய் எத்தனையோ காலம் ஆன பிறகும், தேய்ந்து வழவழப்பான அந்தக் குழி மாத்திரம் தங்கியிருப்பதைக் காணலாம். இந்த ஏற்பாட்டின் விசேஷம் என்னவென்றால், கதவு எவ்வளவு கனமானாலும் அந்தப் பாரம் முழுவதும் கல்லின்மேல் இறங்கிவிடுகிறது. திறக்கிறவன் கொடுக்க வேண்டியது உராய்வுக்கான விலை மட்டுமே. அதுவும் மிகுதியாகிற கோபுரக் கதவுகளில் திட்டிவாசல் என்று ஒரு சிறு கதவைப் பெரிய கதவுக்குள்ளேயே அமைத்துச் சிரமத்தைத் தவிர்த்தார்கள். குடுமி தேய்ந்தால் தச்சர் கதவைத் தூக்கி வெளியே எடுப்பார். கொல்லர் ஓர் இரும்புப் பூண் அடித்து மாட்டுவார். வீட்டுக்காரர் விளக்கெண்ணெய் விடுவார். காரியம் முடிந்தது.

கடைக்கோ இது பொருந்தவில்லை. வியாபாரம் நடக்கிற பொழுதெல்லாம் கடையின் முகப்பு முழுவதும் திறந்திருக்க வேண்டும். இரட்டைக் கதவு போட்டால் திறந்த கதவுகளே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே பலகைக் கதவு வந்தது. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ அகலமுள்ள பலகைகளை வரிசையாக நிறுத்தி அடைக்கிற உபாயம் இது. மேல் உத்தரத்தில் ஆழமான காடியும் கீழ் வாயிற்படியில் ஆழம் குறைந்த காடியும் வெட்டியிருப்பார்கள். பலகையை மேல் காடிக்குள் உயர்த்தி, கீழ்க் காடியில் இறக்கி, ஓரம் வரை தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். தச்சர் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்கென்றே இழைத்திருப்பதால், நான்காம் பலகை ஐந்தாம் பலகையின் இடத்தில் உட்காராது. அதற்காகத் தலைமாட்டில் உளியால் கோடு கிள்ளியோ தாரால் இலக்கம் எழுதியோ வைத்திருப்பார்கள். எல்லாம் நின்றபின் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை, அதன் நுனியில் ஒரு திண்டுக்கல் பூட்டு.

கடைப் பையனின் நாள் இந்தப் பலகைகளில் தொடங்கி இந்தப் பலகைகளில் முடியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஊறிப் பருத்துவிட்டால், எவ்வளவு தள்ளினாலும் கடைசிப் பலகை நுழையாமல் அடம்பிடிக்க, உள்ளே இருந்து முதலாளி வையவும் வெளியே பையன் படிக்கல்லால் தட்டவும், கடைவீதி முழுவதற்கும் அது ஒரு சாயங்கால வேடிக்கை. ஆனால் பகலில் அவை வீணாகக் கிடந்ததில்லை. இரண்டு பலகையை இரண்டு பெட்டிமேல் போட்டால் வாடிக்கைக்காரர் உட்கார்ந்து பேச ஆசனம் ஆயிற்று. சௌகரியத்தின் பேரில் நாம் இழந்தவற்றுள் அந்த ஆசனத்தை நான் முதலில் வைப்பேன். பாரத்தின் கணக்கில் பார்த்தாலோ, மொத்தக் கதவின் கனமும் குறையவில்லை. ஒரே தடவையில் தூக்க முடியாததைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பட்டணத்து வர்த்தக வீதிகளில் வழங்கி, பிறகு சிற்றூர்களுக்கும் பரவிய ஷட்டர் என்கிற சுருட்டுக் கதவு, இந்தக் கணக்கையே தலைகீழாக்கிற்று. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல் 80 மில்லிமீட்டர் அகலமும் 1.25 மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுப் பட்டைகளை ஒன்றோடொன்று கோத்த கதவைக் குறிப்பிடுகிறது. இந்தக் கனத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். மூன்று மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஒரு கடை வாசலுக்கு 75 கிலோவுக்குக் குறையாது. இவ்வளவு பாரத்தையும் தரையில் ஊன்றவிடாமல், துண்டு துண்டாகப் பிரிக்கவும் இடமின்றி, ஒரே வீச்சில் மேலே ஏற்றியாக வேண்டும். ஆயினும் வயதான மளிகைக்காரர் ஒருவர் ஒரு கையில் பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் அதைத் தள்ளிவிடுகிறார் என்றால், மேலே தகட்டுக் கூண்டுக்குள் குழாயைச் சுற்றி அமர்ந்திருக்கிற கம்பிச் சுருள்களே அதற்குக் காரணம். சுருளின் ஒரு முனை அசையாத குழாயிலும், மறு முனை கதவைச் சுருட்டுகிற சக்கரத்திலும் பிணைந்திருக்கும். கதவு இறங்க இறங்கச் சுருள் முறுக்கேறும். காலையில் அந்த முறுக்கு அவிழ்ந்து கதவை ஏற்றும். இரவு இறங்கிய பாரமே மறுநாள் ஏறுவதற்கான சக்தியைச் சேமித்து வைக்கிறது. கிணற்று ஏற்றத்தின் பின்முனையில் கல்லைக் கட்டி, நீர்ச்சாலின் பாரத்துக்கு எதிர்ப்பாரம் வைத்த நம் குடியானவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதன்று.

சுருள் அந்தக் கல்லைவிட ஒரு வகையில் சாமர்த்தியமானது. ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, விசைக்கு ஏற்ற அளவே சுருள் நீளும் என்ற விதியை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராக வெளியிட்டு, பிறர் தமதென்று உரிமை கொண்டாடாதபடி காத்து, 1678இல்தான் விடையைச் சொன்னார். கதவு மேலே போகப்போகத் தொங்குகிற பகுதி குறைகிறது. அதற்கு ஒத்தாற்போல் சுருளின் முறுக்கும் குறைகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தேய்வதனால், பாதியில் விட்டாலும் நல்ல ஷட்டர் நின்ற இடத்தில் நிற்கும்.

இந்தச் சமநிலை குலைகிற நாளில்தான் கடைக்காரருக்குக் கதவின் உண்மையான கனம் தெரியவருகிறது. ஒவ்வொரு நாளும் முறுகி அவிழ்ந்து களைத்த கம்பி, மழைக்காலத் துரு பிடித்த ஓரிடத்தில், பெரும்பாலும் கொக்கியாக வளைந்த முனையருகே, ஒரு நாள் படாரென்று முறியும். கதவு ஒருபுறம் சாயும். பட்டைகள் பக்கக் காடியிலிருந்து பிதுங்கும். இருவர் சேர்ந்தாலும் மூச்சு வாங்கும். ஏணியைப் போட்டுக் கூண்டைக் கழற்றி நாமே பார்த்துவிடலாம் என்கிற எண்ணம் அப்போது எழுவது இயற்கையே. ஆனால் குடுமிக் கதவைக் கழற்றிய பரம்பரைக்கு இங்கே ஓர் அபாயம் காத்திருக்கிறது: மரக்கதவைக் கழற்றினால் பாரம் கீழே கிடக்கும்; இதிலோ பாரம் கண்ணுக்குத் தெரியாமல் கம்பிக்குள் இருக்கிறது. ரிப்பேருக்கு வருகிறவர் ஏறியதும் சொல்வது அதுதான்: "கை வெக்காதீங்க மொதலாளி, ஒரு ஸ்பிரிங்குதான் போயிருக்கு, மத்ததெல்லாம் இன்னும் முறுக்குலதான் இருக்கு."

அவர் செய்கிற வேலையைக் கவனித்தால் இது விளங்கும். கதவைக் கயிறு கட்டி நிறுத்தி, சக்கரத்திலிருந்து விடுவித்து, குழாயைப் பெரிய ரெஞ்சால் கவ்விப் பிடித்துக்கொண்டு, பிடி நழுவாமல் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கை இறக்குகிறார். ஒடிந்ததை வெல்டிங் வைத்து ஒட்டுவதில்லை. சூடுபட்ட எஃகு தன் பதத்தை இழந்து அதே இடத்தில் மறுபடி ஒடியும். அதே கனமும் நீளமும் உள்ள புதுச் சுருளைத்தான் மாட்ட வேண்டும். அரசாங்கப் பட்டியலில் அதன் நீளம் 27.5 சென்டிமீட்டர். கொல்லர் உலையில் பிறந்த பூணைப்போல இதை ஊரில் அடித்துக்கொள்ள இயலாது. பிறகு மறுபடி முறுக்கேற்றம்: ஒரு சுற்றுக் குறைந்தால் கதவு கனக்கும், ஒரு சுற்று மிகுந்தால் கீழே இறங்கி நிற்காமல் எகிறும். எத்தனை சுற்று என்பதை அவர் கை அறியும். வாயால் கேட்டால் சரியாகச் சொல்லமாட்டார். கடைசியாகக் கிரீஸ் தடவி, கதவின் அடிப்பட்டைகளில் தகட்டு அச்சை வைத்துத் தம் செல்போன் எண்ணைப் பெயிண்டால் அடித்துவிட்டு இறங்குவார். இரவில் கடைகள் அடைத்த பிறகு எந்தச் சிற்றூர் வீதியிலும் அதிகமாகப் படிக்கக் கிடைப்பது இந்த எண்கள்தாம்.

அமெரிக்காவில் ஜான்சன் என்பவர் 1921இல் மோட்டார் கொட்டகைக்கு மேல்நோக்கித் திறக்கும் கதவைச் செய்த பிறகு, அந்நாட்டு வீடுகள் பலவற்றிலும் இதே முறுக்குச் சுருள் குடியேறியது. பத்தாயிரம் தடவை ஏறி இறங்கினால் அதன் ஆயுள் முடிந்தது என்று அங்கே பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். நம் கடைகளில் காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு முறை என்று பழகுவதனால், வருஷங்களை எண்ணுவதைவிடக் கிரீஸை மறக்காமல் இருப்பதே பயன் தரும்.

இப்போது புதிதாகக் கட்டுகிற கடைகளிலும் கார் ஷெட்டுகளிலும் மோட்டார் வைத்த ஷட்டர் வருகிறது. பொத்தானை அழுத்தினால் போதும், பாரத்தை மின்சாரம் சுமக்கிறது. மின்வெட்டு நேரத்துக்கென்று மோட்டாரின் பக்கத்தில் ஒரு கைச்சங்கிலியும் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துச் சாவதானமாக இழுத்தால் கதவு அங்குலம் அங்குலமாக ஏறும்.