தில்லை மரமும் பிச்சாவரமும்

சைவப் பெருமக்கள் 'கோயில்' என்று அடையின்றிக் கூறினால் அது தில்லைச் சிற்றம்பலத்தையே குறிக்கும். வைணவப் பெருமக்களுக்கு அச்சொல் திருவரங்கத்தைக் குறிக்கும். மன்னார்புரத்தில் வாழும் நமக்கு அரங்கம் அண்மையது, தில்லை சேய்மையது. எனினும் அவ்விரண்டையும் ஓர் ஆறு இணைக்கின்றது. முக்கொம்பில் காவிரியினின்று பிரியும் கொள்ளிடம், அரங்கத்தின் வடபால் ஓடிச் சிதம்பரத்திற்குத் தென்கிழக்கே கடலோடு கலக்கின்றது. அந்தக் கழிமுகத்திற்கும் வெள்ளாற்றுக் கழிமுகத்திற்கும் இடையே உள்ளதுதான் பிச்சாவரம் காடு.

தில்லை என்பது முதலில் ஒரு மரத்தின் பெயர். பின்னரே அது ஊருக்கும் பெயராயிற்று. புலிக்கால் முனிவரும் பதஞ்சலி முனிவரும் தில்லை வனத்தில் தவமிருந்து திருக்கூத்தைக் கண்டனர் என்பது தலபுராணம். இன்று கோயிலைச் சூழ்ந்து அவ்வனம் இல்லை. வீதிகளும் வீடுகளுமே உள்ளன. தலமரத்தைக் காட்டிலே காண விரும்புவோர் கிழக்கே பிச்சாவரம் செல்லுதல் வேண்டும்.

அங்கே ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில், கால்வாய்களும் திட்டுகளுமாக அலையாத்திக் காடு விரிந்துள்ளது. உப்புநீரிலும் சேற்றிலும் பிற மரங்கள் வேரூன்றா. சுரபுன்னையோ தாங்குவேர்களை ஊன்றி நிற்கும். அதன் வித்து தாய்மரத்திலேயே முளைத்துப் பின் சேற்றில் விழும். வெண்கண்டல், மூச்சுவேர்களைச் சேற்றின் மேல் நீட்டிக் காற்றை ஏற்கும். தில்லை மரத்தின் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்க வல்லது. ஆதலின் படகிற் செல்வோர் அதன் கிளையை ஒடித்தல் கூடாது.

இக்காடும் ஒருகால் அழிவை நோக்கிச் சென்றது. ஆங்கில ஆட்சியில் தொடங்கி 1970-கள் வரை பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டினர். நிழல் இழந்த சேறு வெயிலில் உலர்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் புகுந்த கடல்நீர் மீள வழியின்றித் தேங்கியது, உப்பு மிகுந்தது, புதுக்கன்று எதுவும் பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் கூடி, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். ஓதநீர் வந்து சென்றது. நட்ட கன்றுகள் தழைத்தன.

அதன் பயனை 2004 டிசம்பர் 26 அன்று உலகம் கண்டது. ஆழிப்பேரலை எழுந்த அந்நாளில், காட்டின் பின்னே இருந்த குப்பங்கள், திறந்த கரையில் இருந்தவற்றைவிடக் குறைந்த சேதமே அடைந்தன. 2022-இல் பிச்சாவரம், பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது.

அன்பர்களே! ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தில்லை செல்லும் நாம், கூத்தப் பெருமானைத் தொழுதபின் ஒருநாள் தங்கி இக்காட்டையும் காண்போமாக. காண்பதோடு அமையாது நம் கடனையும் உணர்வோமாக. அலையாத்திக்கு உப்புநீரோடு ஆற்றின் நன்னீரும் வேண்டும். அரங்கத்தின் அருகே நாம் கொள்ளிடத்தில் எறியும் குப்பை, வெள்ளத்தோடு கடைமடையை நோக்கியே செல்லும். தலமரத்தை வலம்வந்து வணங்குகின்ற நாம், அது வாழும் நீரை மாசுபடுத்தலாமோ? ஆற்றைத் தூயதாய்க் காப்பதும் தில்லை வழிபாடேயாகும்.

திருச்சிற்றம்பலம்.