மேசை அம்ப் மொடலர்

மின் கிற்றாருக்கு அம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பெட்டி, மைக் மூன்றும் சேர்ந்து தரும் ஒலியை எண்ணிம முறையில் உண்டாக்கித் தரும் சிறு கருவி. மேசையில் வைத்து, யூ.எஸ்.பி. வழியாகக் கணினியில் நேரே பதிவு செய்யலாம். வீட்டு ஒலிப்பதிவுக்குப் பொருத்தமான கருவி.

வரலாறு

கிற்றாரை அம்ப் இல்லாமல் பதிவு செய்யும் ஆசை பழையது. 1968இல் பீட்டில்ஸ் ‘ரெவல்யூஷன்’ பாட்டுக்குக் கிற்றார்களை ஒலிக்கலவை மேசையிலேயே செருகினார்கள். அதனால் வந்த கரகரப்பு அந்தப் பாட்டுக்குப் பொருந்தியது. எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது. கிற்றார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெகுவாக அடக்கிவிடும். அது நடுவில் இல்லாவிட்டால் டிஸ்டோர்ஷன் ஒலி தகரத்தைச் சுரண்டுவது போலிருக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர்களில் டொம் ஷோல்ஸ் முதன்மையானவர். பொஸ்டன் இசைக்குழுவின் கிற்றார் கலைஞரான அவர் எம்.ஐ.டி.யில் படித்த பொறியியலாளரும்கூட. 1982இல் அவர் வெளியிட்ட ‘ரொக்மன்’ கையடக்கமானது. ஹெட்போனில் கேட்டு வாசிப்பதற்கானது. டெஃப் லெப்பர்ட் இசைக்குழுவின் ‘ஹிஸ்டீரியா’ (1987) இசைத்தொகுப்பின் கிற்றார் ஒலி பெரும்பாலும் இந்தச் சிறு பெட்டியால் அமைந்தது. 1989இல் ‘சான்ஸ்அம்ப்’ வந்தது. இவ்விரண்டும் அனலொக் கருவிகள்.

எண்ணிம மொடலிங்கை 1995இல் ரோலண்ட் ‘வீஜி-8’ தொடக்கியது. மறு ஆண்டு லைன் 6 நிறுவனம் அதை அம்புக்குள் வைத்தது. 1998இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘பொட்’, அவரை விதை வடிவில் சிவப்பாக மேசையில் வந்து உட்கார்ந்தது. வீட்டில் அம்ப் இல்லாமல் கிற்றார் பதிவு செய்வது அதன் பிறகு மேலும் பரவலானது. 2011இல் யமஹாவின் ‘டீ.எச்.ஆர்.10’ ஸ்பீக்கரையும் யூ.எஸ்.பி.யையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது.

இயங்கும் முறை

கம்பியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப்பின் மின் அலை நலிவானது. அதை வாங்கும் உள்ளீட்டின் மின்தடுப்பு சுமார் 1 மெகாஓமாவது இருக்க வேண்டும். கணினியின் மைக் துளையில் செருகினால் ஒலி மங்குவது இதனால்தான். வால்வு அம்பின் நடத்தையைக் கணிதமாக்கிய நிரல் அந்த அலையை உருமாற்றுகிறது. கணினியில் 48 கிலோஹேர்ட்ஸில் 256 மாதிரி பஃபர் (ஒலி காத்திருக்கும் தற்காலிக நினைவகம்) வைத்தால், அதனால் மட்டும் 5 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல் தாமதம் வரும்; விரல் அதை உணராது.

மட்டக்களப்பில்

இலங்கையின் இப்பகுதிக்குக் கிற்றார் புதிதல்ல. மட்டக்களப்புப் பறங்கியரின் கப்ரிஞ்ஞா இசையில் வயலினோடு அதுவும் ஒலிக்கிறது. செங்கலடி–பதுளை வீதியில் உள்ள கரடியனாறு போன்ற கிராமத்தில் ஒலி புகாத அறை கட்டுவது இளம் கலைஞருக்கு எட்டாத செலவு. மாரி மழை தகரக் கூரையில் இறங்கும்போது மைக் வைத்துப் பதிவு செய்யவே முடியாது. மொடலரில் மைக் இல்லை. மழையும் பதிவில் ஏறாது. 2022இல் நாட்டில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட வேளைக்கு, டீ.எச்.ஆர்.10 எட்டு ஏ.ஏ. பற்றரிகளிலும் இயங்கும். 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பலவேளை அதோடு அடங்கிவிடும்.

இப்போது ‘நியூரல் அம்ப் மொடலர்’ போன்ற இலவச மென்பொருள்களும் உண்டு.

வாங்குவோர், அம்ப் ஒலியோடு கிற்றாரின் வெறும் ஒலியையும் தனித் தடத்தில் அனுப்பும் மொடலா என்று கேட்டு வாங்க வேண்டும். வெறும் ஒலி கையில் இருந்தால், வாசித்ததை மாற்றாமல் அம்பை மட்டும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.