அசாராவில் உட்கார்ந்தவர்கள்

கொச்சி மட்டாஞ்சேரி ஜூ டவுனில் உள்ள யூதர்களின் பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு முன்கூடத்தைத் தாண்டவேண்டும். அதற்கு அசாரா என்று பெயர். உள்ளே சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான தரை ஓடுகள், தொங்கும் கண்ணாடி விளக்குகள். அவற்றைப் பார்க்கும் அவசரத்தில் அசாராவில் யாரும் நிற்பதில்லை. நின்று பார்க்கவேண்டிய இடம் அதுதான். அதே மதத்தைச் சேர்ந்த ஒரு கூட்டம், உள்ளே பெஞ்சில் உட்கார உரிமை இல்லாமல், தலைமுறை தலைமுறையாக இங்கேதான் உட்கார்ந்து தொழுதது.

அவர்களை அங்கே உட்காரவைத்தவர்கள் யார்? ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள்.

1492-இல் ஸ்பெயின் தன் யூதர்களை நாடு கடத்தியது. ஐந்தே ஆண்டுகளில் போர்ச்சுகல் அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியது. தப்பியவர்களில் சிலர் கடல் கடந்து கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களே பரதேசிகள். கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுக்க, 1568-இல் ஆலயம் எழுந்தது. அப்போதும் நிம்மதி இல்லை. கூப்பிடு தூரத்துக் கோட்டையில் போர்த்துக்கீசியர் இருந்தார்கள். கோவாவில் 1560 முதல் மத விசாரணை மன்றம் நடந்துகொண்டிருந்தது. 1662-இல் டச்சுக்காரர்களின் முற்றுகை தோற்றதும், யூதர்கள் அவர்களுக்குத் துணை போனார்கள் என்று சொல்லிப் போர்த்துக்கீசியர் இந்த ஆலயத்தையே கொளுத்தினார்கள். மறு ஆண்டு டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகுதான் அதைத் திரும்பக் கட்ட முடிந்தது.

இத்தனை அடி பட்டவர்கள், தங்களுக்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே இந்த மண்ணில் வாழ்ந்த மலபார் யூதர்களைப் பார்த்து, 'நீங்கள் சுத்த ரத்தம் இல்லை, அடிமை வம்சம்' என்றார்கள். வெள்ளை யூதர், கருப்பு யூதர் என்ற பேச்சு வந்தது. பெண் கொடுக்கவில்லை, எடுக்கவில்லை. யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000-இல் வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடு பரதேசி ஆலயத்தில்தான் பத்திரமாக இருந்தது. அந்தப் பெருமை தங்களுடையது என்றவர்கள், மலபார் யூதர்களுக்கு அதில் பங்கில்லை என்றார்கள்.

இதில் நெஞ்சைச் சுடும் விஷயம் ஒன்று உண்டு. ரத்தச் சுத்தம் என்பதே இவர்களைத் துரத்திய ஸ்பெயினின் ஆயுதம். 1449-இல் டொலேடோ நகரம், மதம் மாறிய யூதர்களின் வாரிசுகளுக்கு ரத்தத்தைக் காட்டித்தான் பதவிகளை மறுத்தது. அந்தச் சொல்லால் அறுபட்ட சமூகம், அதையே மட்டாஞ்சேரியில் எடுத்து வீசியது. கேரளத்தின் சாதிக் கட்டுமானம் அதற்குப் பழகிய களமாக அமைந்தது. ஆனால் ஊர் வழக்கம் என்று சொல்லி இவர்களைத் தப்பவிட முடியாது.

ஏனென்றால் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இருந்தார். சுமார் 1520-இல் கொச்சியிலிருந்து கெய்ரோவின் பெரிய ரபி டேவிட் இப்ன் அபி ஸிம்ராவுக்கு ஒரு கேள்வி போனது: இங்கே 900 குடும்பங்கள், அதில் 100 குடும்பங்கள் மற்றவர்களோடு சம்பந்தம் வைக்க மறுக்கின்றன, என்ன செய்வது? முறைப்படி நீராட்டுச் சடங்கு செய்துகொண்டால் அந்த மற்றவர்களும் முழு யூதர்களே, மண உறவு கொள்ளலாம் என்பது அவர் தீர்ப்பு. மதத்தின் பெரியவரே வழி சொல்லியும் அந்த வழியில் பரதேசிகள் நடக்கவில்லை. துரத்தப்பட்ட காயம் அவர்களுடைய பயத்துக்குக் காரணமாக இருக்கலாம். அடுத்தவரை வெளியே உட்காரவைத்தது அவர்களாக எடுத்த முடிவு.

ஆனால் அசாராவில் உட்கார்ந்தவர்கள் மலபார் யூதர்கள் அல்லர். அவர்களுக்கு மட்டாஞ்சேரியிலேயே கடவும்பாகம், தெக்கும்பாகம் எனத் தனி ஆலயங்கள் இருந்தன. பரதேசிகளின் வீடுகளிலிருந்து விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களே முன்கூடத்தில் இருந்தார்கள். 'மெஷுஹ்ரார்' என்று அவர்களுக்குப் பெயர். யூத வேதமான தோராவை வாசிக்க அவர்களை அழைப்பதில்லை; இடுகாட்டிலும் இடமில்லை. கொச்சி அரசு 1854-இல் அடிமை முறையை ஒழித்த பிறகும் இது மாறவில்லை. மலபார் யூதர்களும் தங்களிடமிருந்து விடுதலை பெற்ற அடிமைகளை ஒதுக்கியே வைத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

அந்த மெஷுஹ்ரார் குடும்பத்தில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சாலெம். சென்னையில் படித்துப் பட்டம் பெற்று, எர்ணாகுளத்தில் வக்கீலாகி, கொச்சி சட்டமன்ற உறுப்பினரானவர். தொழிலாளர் உரிமைக்காகப் பேசியவர். 1929-இல் லாகூர் காங்கிரசுக்குப் போனவர். ஊர் அவரை 'யூத காந்தி' என்றது. வெளியே இத்தனை மரியாதை; தன் சொந்த ஆலயத்தில் பெஞ்சு இல்லை. அவமானம் அவரையும் கசக்கியிருக்கும். ஆனால் அவர் அதை வேறு யார் தலையிலும் இறக்கிவைக்கவில்லை. காந்தியின் சத்தியாக்கிரகத்தை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். சில காலம் ஆலயத்தையே புறக்கணித்தார். பிள்ளைகளோடு சேர்ந்து உள்ளே உட்காரும் உரிமைக்காக மல்லுக்கட்டினார். 1930-களின் நடுவில் பழைய தடைகள் பல விழுந்தன. திருமணத் தடை மட்டும் அசையவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அவருடைய மகன் ஒருவர் வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, அந்தச் சிறு தெருவில் எழுந்த எதிர்ப்பு கடுமையானது.

1950-களில் மலபார் யூதர்கள் இஸ்ரேலுக்குக் கிளம்பத் தவித்தபோது, அவர்களுக்காக வாதாட 1953-இல் அங்கே போனவரும் சாலெம்தான். பெரும்பாலோர் போய்விட்டார்கள். அவர் திரும்பி வந்து, 1967-இல் இறக்கும்வரை கொச்சியிலேயே இருந்தார்.